பரீட்சைக்கு முதல் நாள், புட்டிகளுக்குப் பரீட்சை!

மாலை 5 மணி. பள்ளிக்கூடம் விட்டு நேரமாகிவிட்டது. பிள்ளைகள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் மாடியில் ஓர் அறையில் மட்டும் இன்னும் விளக்கு எரிகிறது.

அது உயிரியல் சோதனைச்சாலை. மறுநாள் காலையில் அங்கே பிளஸ் 2 மாணவ, மாணவிகளுக்குச் செய்முறைப் பரீட்சை. உயிரியல் ஆசிரியையும், சோதனைச்சாலை உதவியாளரும் வீட்டுக்குப் போகாமல் வேலை செய்துகொண்டு இருக்கிறார்கள்.

உதவியாளர் ஒரு சோதனைக் குழாயை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்.

"டீச்சர், நீலம் வரவில்லையே!" என்கிறார்.

"அப்படியா? அந்தப் புட்டியைக் கொட்டிவிடுங்கள், அண்ணே. புதிதாகக் கரைத்துவிடுவோம்" என்கிறார் ஆசிரியை.

பரீட்சைக்கு முதல் நாள் எத்தனையோ பள்ளிக்கூடங்களில் நடக்கும் காட்சி இது. பரீட்சைக்கு வரும் பிள்ளைகளுக்கு இது தெரியாது. பெற்றோருக்கும் தெரியாது. ஆனால் மறுநாள் பிள்ளைகள் வாங்கப்போகும் மதிப்பெண், இந்த இருவரின் கையிலும் இருக்கிறது. மதிப்பெண் மட்டுமா? அதைவிடப் பெரிய ஒன்றும் இவர்கள் கையில் இருக்கிறது!

அது என்ன?

ஒரு மாணவியின் தவிப்பு

தமிழ்நாட்டில் பிளஸ் 2 படிப்பு 1978-ம் ஆண்டு தொடங்கியது. உயிரியல் பாடம் எடுத்தவர்கள் எழுத்துப் பரீட்சை எழுதினால் மட்டும் போதாது. சோதனைச்சாலையில் தங்கள் கையால் சோதனை செய்தும் காட்டவேண்டும். வேறு பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர் தேர்வாளராக வந்து உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் அணி அணியாக உள்ளே போவார்கள்.

ஒரு மாணவியின் முறை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "இந்தத் திரவத்தில் மாவுப் பொருள் இருக்கிறதா என்று கண்டுபிடி" என்பது அவளுக்கு வந்த கேள்வி.

அவள் நன்றாகப் படித்த பெண். குழாயைக் கழுவுகிறாள். திரவத்தை ஊற்றுகிறாள். அயோடின் கரைசலில் 2 சொட்டு விடுகிறாள். மாவு இருந்தால் கருநீல நிறம் வரவேண்டும்.

வரவில்லை!

அவள் செய்ததில் தவறே இல்லை. தவறு புட்டியில் இருக்கிறது. யாரோ மூடாமல் வைத்ததால் அயோடின் ஆவியாகப் போய்விட்டது. வெறும் உப்புத் தண்ணீர்தான் மிச்சம்.

இப்போது அந்தப் பெண் என்ன எழுதுவாள்?

கண்ணால் கண்டபடி "மாவு இல்லை" என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். "கருநீலம் வந்தது, மாவு இருக்கிறது" என்று புத்தகத்தில் உள்ளதை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அது பொய்!

உண்மை எழுதினால் தோல்வி. பொய் எழுதினால் வெற்றி! 17 வயதுப் பிள்ளையை இப்படி ஒரு முச்சந்தியில் நிறுத்தலாமா? கெட்டுப்போன ஒரு புட்டி அதைத்தான் செய்கிறது. அதனால்தான், பிள்ளைகளுக்குப் பரீட்சை நடப்பதற்கு முன்னால், புட்டிகளுக்கு ஒரு பரீட்சை நடக்கிறது.

அயோடின் அடம் பிடிக்கும்

அயோடினை 1811-ம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் பெர்னார் கூர்த்துவா என்பவர் கண்டுபிடித்தார். கடல் பாசியை எரித்த சாம்பலில் இருந்து அது கிடைத்தது. மாவில் பட்டால் அது நீல நிறம் காட்டும் என்பது 1814-ம் ஆண்டு தெரியவந்தது. 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், மாவைக் கண்டுபிடிக்கப் பள்ளிப் பிள்ளைகள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் இந்த அயோடின் லேசில் தண்ணீரில் கரையாது. அடம் பிடிக்கும். அதை வழிக்குக் கொண்டுவர ஒரு துணை வேண்டும். அதுதான் பொட்டாசியம் அயோடைடு என்ற உப்பு.

முதலில் இந்த உப்பில் 2 கிராம் எடுத்துக் கொஞ்சம் தண்ணீரில் கரைக்கவேண்டும். அதில் 1 கிராம் அயோடின் போட்டு, முழுதும் கரையும்வரை கலக்கவேண்டும். பிறகு தண்ணீர் சேர்த்து 300 மில்லி லிட்டர் ஆக்கவேண்டும். வரிசையை மாற்றி, எல்லாத் தண்ணீரையும் முதலிலேயே ஊற்றிவிட்டால் அயோடின் துகள்கள் அடியில் தங்கிக் கிடக்கும்.

கரைத்த பிறகு பழுப்பு நிறப் புட்டியில் ஊற்றி, இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வைக்கவேண்டும்.

ஒரு நாள் விருந்தாளி

அயோடின் நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? மாவுக் கரைசலும் நன்றாக இருக்கவேண்டும்.

இதைத் தயாரிப்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த வித்தைதான். கொதிக்கிற தண்ணீரில் மாவை அப்படியே கொட்டினால் என்ன ஆகும்? கட்டி தட்டிவிடும். கஞ்சி காய்ச்சும்போது என்ன செய்கிறோம்? முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு, பிறகு கொதிக்கும் தண்ணீரில் ஊற்றிக் கிளறுகிறோம். சோதனைச்சாலையிலும் அதே முறைதான். 100 மில்லி லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் மாவு.

சேலம் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யப் பயன்படும் மரவள்ளிக் கிழங்கு மாவும் இதற்கு ஏற்றதுதான்.

ஆனால் மாவுக் கரைசல் ஒரு நாள் விருந்தாளி! கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைத் தின்னத் தொடங்கிவிடும். நாள்பட்ட கரைசல் நல்ல நீலம் காட்டாமல், செம்மை கலந்த நிறம் காட்டும். ஆகவே அன்றன்றைக்குக் காய்ச்சுவதே நல்லது.

காய்ச்சிய பிறகு ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும் மாவுக் கரைசலில் அயோடின் விட்டால் நீலம் வராது. அதையே ஆறவைத்தால் நீலம் தானாக வந்துவிடும்! இந்த விஷயம் தெரியாமல், குழாயைச் சூடாக்கிவிட்டு உடனே அயோடினை விட்டுத் தவித்த பிள்ளைகள் உண்டு.

வீட்டுச் சர்க்கரை ஏமாற்றிவிடும்!

அடுத்தது சர்க்கரைச் சோதனை. இதற்குப் பெனடிக்ட் கரைசல் என்ற நீலத் திரவம் வேண்டும். அமெரிக்க ரசாயன நிபுணர் ஸ்டான்லி பெனடிக்ட் தயாரித்தது என்பதால் அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. ஒரு காலத்தில் நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரை இந்தத் திரவத்தில்தான் காய்ச்சிப் பார்ப்பார்கள். சர்க்கரை இருந்தால் நீலம் மாறிவிடும். கொஞ்சம் இருந்தால் பச்சை, கூடினால் மஞ்சள், மிகுந்தால் செங்கல் சிவப்பு!

1 லிட்டர் பெனடிக்ட் கரைசலுக்குக் கணக்கு இதுதான்: மயில்துத்தம் 17.3 கிராம், சோடியம் சிட்ரேட் 173 கிராம், நீர் நீக்கிய சலவைச் சோடா 100 கிராம். சிட்ரேட்டையும் சோடாவையும் சுடுநீரில் கரைக்கவேண்டும். மயில்துத்தத்தைத் தனியே கரைக்கவேண்டும். பிறகு மயில்துத்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மற்றதில் ஊற்றிக் கலக்கவேண்டும்.

இதிலே ஒரு கண்ணி இருக்கிறது. சலவைச் சோடாவில் இரண்டு வகை உண்டு. நீர் நீக்கிய தூள் ஒன்று. உள்ளே நீர் கலந்த பளிங்குக் கட்டி மற்றொன்று. பெயர் ஒன்றுதான்; பலம் வேறு. தூள் 100 கிராம் போடவேண்டிய இடத்தில், கட்டியாக இருந்தால் 270 கிராம் போடவேண்டும். புட்டியின் மேல் உள்ள சீட்டைப் படிக்காமல் நிறுத்தால், கணக்கு அங்கேயே கெட்டுவிடும்.

எவ்வளவு கரைக்கவேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு குழாய்க்கு 5 மில்லி லிட்டர். ஒரு பிள்ளைக்கு 2 குழாய். ஓர் அணியில் 20 பேர் என்றால் 200 மில்லி லிட்டர் ஆயிற்று. 3 அணிகளுக்கு 600. கை தவறிச் சிந்துவதற்கும், திரும்பச் செய்வதற்கும் சேர்த்து 1 லிட்டர் கரைத்து வைத்தால் நடுவில் கையைப் பிசைய வேண்டாம்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. "சர்க்கரைக் கரைசல்" என்றதும், சமையலறைச் சர்க்கரையை எடுத்துக் கரைத்து வைத்துவிடக்கூடாது. நாம் காப்பியில் போடும் சர்க்கரை பெனடிக்ட் கரைசலை நிறம் மாற்றாது. நீலம் நீலமாகவே நிற்கும்! இதற்கு வேண்டியது குளுகோஸ். நாக்குக்கு இரண்டும் இனிப்புத்தான். ஆனால் குழாய்க்குள் வேற்றுமை தெரிந்துவிடும்.

முட்டையும் காஸ்டிக் சோடாவும்

புரதம் இருக்கிறதா என்று பார்க்க முட்டையின் வெள்ளைக் கரு உதவும். அதைப் பச்சைத் தண்ணீரில் கலந்து, துணியில் வடிகட்டி வைத்துக்கொள்வார்கள். சுடுநீரில் கலந்தால் கரு வெந்து திரிந்துவிடும்.

இதில் காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றி, மயில்துத்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஊதா நிறம் வரும். இங்கே கருமித்தனம்தான் நல்லது! மயில்துத்தம் அதிகமாகிவிட்டால், அதன் நீல நிறமே ஊதாவை மறைத்துவிடும். ஆகவே அந்த நீரை 100-க்கு 1 பங்கு என்ற அளவில் மிக மெலிதாகக் கரைத்து வைப்பார்கள்.

காஸ்டிக் சோடாவைக் கண்ணாடி மூடி போட்ட புட்டியில் வைக்கக்கூடாது. மூடி புட்டியோடு ஒட்டிக்கொண்டு, பரீட்சை நேரத்தில் திறக்கவே முடியாது. ரப்பர் தக்கைதான் சரி.

முன்கூட்டியே வாங்கும் வெங்காயம்

சில பொருள்களை முதல் நாளில் தயாரிக்க முடியாது. ஒரு வாரத்துக்கு முன்பே தொடங்கவேண்டும். அதிலே ஒன்று வெங்காயம்!

ஓர் உயிரணு இரண்டாகப் பிரிவதை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வெங்காய வேரின் நுனி வேண்டும். அங்கேதான் வளர்ச்சி வேகமாக நடக்கிறது.

வெங்காயத்தின் காய்ந்த வேர்களைக் கிள்ளிவிட்டு, தண்ணீர் நிரம்பிய டம்ளரின் வாயில் உட்கார வைப்பார்கள். அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடவேண்டும். சில நாட்களில் வெள்ளை வெள்ளையாக வேர் இறங்கும். காலை நேரத்தில் நுனியை வெட்டி, 3 பங்கு ஆல்கஹாலும் 1 பங்கு அசிட்டிக் திராவகமும் கலந்த திரவத்தில் ஒரு நாள் முழுவதும் போட்டுவைக்க வேண்டும். வேர் நுனி அப்போது எந்த நிலையில் இருந்ததோ, அந்த நிலையிலேயே நின்றுவிடும். போட்டோ பிடித்தது போல!

பிறகு அதற்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். அந்தச் சாயம் எதில் இருந்து வருகிறது தெரியுமா? சப்பாத்திக் கள்ளியில் வாழும் ஒரு பூச்சியில் இருந்து!

வேர் இறங்கச் சில நாள். திரவத்தில் ஊற ஒரு நாள். ஆகவே திங்கட்கிழமை பரீட்சை என்றால், முந்தைய வாரமே வெங்காயம் டம்ளரில் ஏறியிருக்க வேண்டும். ஞாயிறு மாலையில் நினைத்துக்கொண்டு கடைக்கு ஓடிப் பயன் இல்லை.

குளத்துச் செடியும் ஆப்பச் சோடாவும்

செடிகள் வெயிலில் பிராண வாயுவை வெளியிடுகின்றன என்று காட்ட, ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியைக் கொண்டுவருவார்கள். பீக்கரில் தண்ணீர் ஊற்றி, செடியைப் போட்டு, மேலே புனலைக் கவிழ்த்து, அதன்மேல் தண்ணீர் நிரம்பிய குழாயைக் கவிழ்த்து வைப்பார்கள். வெயிலில் வைத்தால் குமிழ் குமிழாகக் காற்று மேலே போகும்.

மற்றக் கரைசல்களுக்கு எல்லாம் வாலையில் வடித்த சுத்தமான நீர்தான் நல்லது. கிணற்று நீர் உப்பாக இருந்தால், சோடா சேர்த்ததும் சுண்ணாம்பு போலக் கலங்கிவிடும். ஆனால் இந்தச் செடிக்கு மட்டும் வடித்த நீர் உதவாது! செடிக்குக் கரியமில வாயு வேண்டும். வடித்த நீரில் அது போதிய அளவு இருப்பதில்லை. ஆகவே குளத்து நீரையே ஊற்றி, ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா போடுவார்கள். சோடாவில் இருந்து செடிக்கு வேண்டியது கிடைத்துவிடும். குமிழ்கள் வரத் தொடங்கும்.

இரண்டு குழாய் ரகசியம்

எல்லாம் கரைத்தாயிற்று. புட்டிகளில் பெயரும், அளவும், தேதியும் எழுதிய சீட்டு ஒட்டியாயிற்று. வேலை முடிந்ததா? இல்லை! இனிமேல்தான் புட்டிகளுக்குப் பரீட்சை.

ஒவ்வொரு புட்டிக்கும் இரண்டு குழாய் எடுப்பார்கள். ஒன்றில் தெரிந்த பொருள். மற்றொன்றில் வெறும் தண்ணீர்.

அயோடினை மாவில் விட்டால் நீலம் வரவேண்டும். வெறும் தண்ணீரில் விட்டால் வரக்கூடாது. மாவில் நீலம் வரவில்லை என்றால் புட்டி கெட்டுவிட்டது. வெறும் தண்ணீரிலும் நீலம் வந்தால், குழாய் சரியாகக் கழுவப்படவில்லை; அல்லது ஒரு புட்டிக்கு உரிய பில்லரை வேறு புட்டியில் விட்டுவிட்டார்கள். இரண்டும் சரியாக இருந்தால்தான் புட்டி தேறியது!

இந்தச் சோதனையை முதல் நாள் மாலை ஒரு முறையும், மறுநாள் காலை அணிகள் வருமுன் ஒரு முறையும் செய்துவிட்டால் மனம் நிம்மதி. ஒவ்வொரு புட்டிக்கும் அதன் பில்லரை நூலால் கட்டிவைப்பதும் உண்டு. மாறிப்போகாது அல்லவா?

ஜாக்கிரதை!

இந்த வேலையில் ஆபத்தும் இருக்கிறது. திராவகத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது. தண்ணீரில்தான் திராவகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். காஸ்டிக் சோடா கரையும்போதே புட்டி கொதிக்கும். கையில் பட்டால் தோலைப் புண்ணாக்கும். ஜாடிகளில் பிராணிகளைப் பதப்படுத்தி வைக்கும் பார்மலின் கண்ணையும் மூக்கையும் எரிக்கும். உடலுக்கும் கேடு. ஆகவே ஜன்னல்களைத் திறந்துவைத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டே இந்த வேலைகளைச் செய்யவேண்டும்.

ஒரு ஸ்பிரிட் விளக்கைச் சாய்த்து மற்றொரு விளக்கில் பற்றவைக்கக் கூடாது. அணைக்கும்போது ஊதக்கூடாது, மூடியால் மூடவேண்டும்.

பிள்ளைகளே, கேளுங்கள்!

பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் செய்யவேண்டியது என்ன?

குழாயை முதலில் கழுவுங்கள். புட்டியின் சீட்டை ஒரு முறைக்கு இரு முறை படியுங்கள். எடுத்த பில்லரை அதே புட்டியில் போடுங்கள். சூடான குழாயின் வாயைப் பக்கத்தில் இருப்பவர் முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள்.

நிறம் வரவில்லையா? பயப்படாதீர்கள். இன்னொரு முறை செய்துபாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால், கையைத் தூக்கி, "ஐயா, எனக்கு நிறம் வரவில்லை" என்று தேர்வாளரிடம் சொல்லுங்கள். அதில் வெட்கம் இல்லை. நல்ல தேர்வாளர் புட்டியைச் சோதித்துப் பார்ப்பார்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "வந்தாலும் வராவிட்டாலும் வந்தது என்றே எழுதிவிடு" என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்பாதீர்கள். இன்று சோதனைக் குழாய் பிடிக்கும் பிள்ளை, நாளைக்கு ஆஸ்பத்திரியில் நம் இரத்தத்தைச் சோதித்துச் சீட்டு எழுதலாம். அன்றைக்கு அந்தப் பிள்ளை கண்டதை எழுதவேண்டுமா, நினைத்ததை எழுதவேண்டுமா? அதில் ஓர் உயிரே அடங்கியிருக்கும்!

கண்டதை எழுதும் பழக்கம், பள்ளிக்கூடத்துச் சோதனைச்சாலையில்தான் தொடங்குகிறது. அப்படி எழுதுகிற பிள்ளை தோற்றுப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான், மாடியில் விளக்கு எரிய வேலை செய்யும் அந்த இருவரின் கையில் இருக்கும் பெரிய பொறுப்பு.

மணி 7 ஆகிவிட்டது. உதவியாளர் புதிதாகக் கரைத்த அயோடினை எடுத்து, மாவுக் கரைசலில் 2 சொட்டு விடுகிறார். குழாயைத் தூக்கிப் பிடிக்கிறார்.

பளிச்சென்று கருநீலம்!

"வந்துவிட்டது, டீச்சர்!"

புட்டி தேறிவிட்டது. விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு இருவரும் கீழே இறங்குகிறார்கள். நாளைக்குப் பிள்ளைகள் பயம் இல்லாமல் உண்மையை எழுதலாம்.